அளக்காமல் விட்ட காற்று

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பின்கட்டில், ஆக்சிஜன் தொட்டியைத் தாண்டி, சலவைக்கூடத்தை ஒட்டிப் போனால் பிரேதப் பரிசோதனைக் கூடம் வருகிறது. வாசல் வேப்பமரத்தடியில் காலையிலேயே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காவலர் பைக்கின் டேங்க் மேல் தாள்களை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தார். என்னை வரச் சொல்லியிருந்தவர் சட்ட மருத்துவத் துறைப் பேராசிரியர். ஊழியர்கள் எல்லோருக்கும் அவர் 'டாக்டரம்மா'. மேசையில் உடல் இருக்கும்போது உள்ளே வரக் கூடாது, இறந்தவர்களின் பெயரை எழுதக் கூடாது, எந்த மருத்துவமனை என்று சொல்லக் கூடாது என்று முன்பே நிபந்தனை போட்டிருந்தார். எல்லாமே நியாயமானவை.

நான் போனது ஒரு கேள்வியோடு. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து நெமிலியில் ஒரு கழிவுநீர்த் தொட்டிக்குள் 6 பேர் இறந்தார்கள். ஒரு தந்தை, அவருடைய இரண்டு மகன்கள், அவர்களைக் காப்பாற்றப் போன மற்றவர்கள். 2020 ஜூலையில் தூத்துக்குடி அருகே கீழச் செக்காரக்குடியில் 4 இளைஞர்கள். இப்படிப்பட்ட சாவுகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தந்த மாநிலவாரிப் பட்டியல்களில் தமிழ்நாடு திரும்பத் திரும்ப முதலிடத்தில் நின்றிருக்கிறது. செய்திகளில் எல்லாம் விஷவாயு தாக்கிப் பலி என்று வருகிறது. எந்த வாயு, எவ்வளவு, இறந்தவர் அதற்குள் எத்தனை நேரம் இருந்தார்? உடலைத் திறந்து பார்க்கிற மருத்துவருக்கு இதெல்லாம் தெரிகிறதா?

காலை வேலை முடிந்து எவர்சில்வர் மேசையைக் கழுவிவிட்டிருந்தார்கள். மேசையின் தலைமாட்டில் ஒரு தராசு, சுவரில் கரும்பலகை. அதில் இதயம், நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்று தலைப்பிட்டு எடைகளை எழுதக் கட்டம் போட்டிருந்தது. டாக்டரம்மா என்னிடம்தான் முதலில் கேட்டார்.

"மூச்சுத்திணறிச் செத்தவங்க உடம்புல என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க?"

உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கும், முகம் வீங்கியிருக்கும் என்றேன். சினிமாவும் துப்பறியும் கதைகளும் எனக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

அவர் மறுக்கவில்லை. பழைய பாடப்புத்தகங்களில் ஐந்து அடையாளங்கள் உண்டாம். தோல் நீலம் பாய்தல், உறுப்புகளில் ரத்தம் தேங்கி நீர் கோத்தல், கண்ணிமையிலும் நுரையீரலின் மேலுறையிலும் குண்டூசி முனையளவு ரத்தப்புள்ளிகள், இதயத்தின் வலப்பக்கம் உப்பியிருத்தல், ரத்தம் உறையாமல் நீர்த்திருத்தல். அந்தப் புள்ளிகளுக்கு 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் அம்புருவாஸ் தார்தியேவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். "இந்த அஞ்சையும் மாரடைப்புல போனவங்ககிட்டயும் என்னால காட்ட முடியும். இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாதுன்னு இப்ப எங்க பிள்ளைங்களுக்கு முதல் வருஷமே சொல்லிடறோம்" என்றார்.

கழுத்தை யாராவது நெரித்திருந்தால் கழுத்து சொல்லிவிடும் என்றார். தோலில் இல்லாவிட்டாலும் உள்தசையில் ரத்தக்கசிவு இருக்கும், நாவடி எலும்பு முறிந்திருக்கலாம். தொண்டையில் சோற்றுக்கவளம் அடைத்திருந்தால் மூச்சுக்குழாயைத் திறந்ததும் அது அங்கேயே இருக்கும். மண் சரிந்து நெஞ்சு நசுங்கியவருக்கு முகமும் கழுத்தும் கருஞ்சிவப்பாகி, அமுங்கிய இடத்தோடு அந்த நிறம் கோடு போட்டது மாதிரி நின்றுவிடும். கார்பன் மோனாக்சைடு என்றால் உடலின் தாழ்வான பக்கங்களில் படிகிற நிறமே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால் ரத்தப் பரிசோதனையில் தெளிவாகப் பிடிபடும். கிணற்றுக்குள் டீசல் என்ஜினை இறக்கி ஓட்டும்போது நடக்கிற சாவுகளில் அவர் இதைத்தான் முதலில் தேடுவார்.

"எதுலயும் சேராதது கெட்ட காத்துல போற சாவு. உடம்பு கிட்டத்தட்ட எதையும் சொல்லாது."

இதைச் சொல்லிவிட்டு, கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வருகிற உடலில் தான் எதையெல்லாம் தேடுவார் என்று காலி மேசையைக் காட்டியே ஒவ்வொன்றாக விளக்கினார். முதலில் துணி. எவ்வளவு உயரம் வரை நனைந்திருக்கிறது? பிறகு சட்டைப்பையில் இருக்கிற சில்லறை, இடுப்பில் கட்டியிருக்கிற வெள்ளி அரைஞாண். ஹைட்ரஜன் சல்பைடு படர்ந்தால் வெள்ளி கறுக்கும், செம்பு கலந்த காசும் கறுக்கும். ஒரு நல்ல தடயம்தான். ஆனால் சாக்கடைக்குள்ளேயே பல மணிநேரம் கிடந்த வெள்ளியும் கறுக்கத்தான் செய்யும் என்பதால் அதைத் துணைச்சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்வார். அடுத்து, தலையிலும் முழங்காலிலும் காயங்கள். நினைவு தப்பி விழும்போது தொட்டிச் சுவரில் மோதியதா, வெளியே எடுக்கக் கொக்கி போட்டு இழுத்தபோது வந்ததா, அல்லது யாராவது அடித்ததா? காயத்தைச் சுற்றி உயிரோடு இருக்கும்போது நடக்கிற ரத்தக்கசிவு இருக்கிறதா என்பதை வைத்து ஓரளவு பிரிக்கலாம்.

உள்ளே போனால் மூச்சுக்குழாய். இங்கேதான் அவர் அதிக நேரம் செலவிடுவதாகச் சொன்னார். வாயிலும் தொண்டையிலும் மட்டும் கசடு இருந்தால் அது இறந்த பிறகு புகுந்ததாக இருக்கலாம். நுரையீரலின் நுண்கிளைகள் வரை சென்றிருந்தால், விழுந்த பிறகும் அந்த மனிதர் மூச்சிழுத்திருக்கிறார். இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கம் வரை இருந்தால் விழுங்கியும் இருக்கிறார். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்களே, அது போன்ற சாவுகளில் சேறுதான் மூச்சை அடைக்கிறது. கழிவுநீர்த் தொட்டியில் பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் வரும். வாயு சாய்க்கும், கழிவு மூழ்கடிக்கும்.

கடைசியில் மூளை. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாக ஏறியிருந்தால் மூளையின் வெட்டுமுகத்திலும் சில உள்ளுறுப்புகளிலும் சாம்பல் கலந்த பச்சை நிறம் தெரியலாம். எல்லோரிடமும் தெரியாது. உடல் கெட ஆரம்பித்துவிட்டால் அழுகலின் பச்சைக்கும் இதற்கும் வித்தியாசம் காண முடியாது.

"ஆக்சிஜன் குறைஞ்சு மட்டும் செத்திருந்தா? அங்க சல்பைடே இல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அப்ப என் கையில எதுவுமே இருக்காது. நான் அந்தக் குழியைப் பார்த்திருக்கணும். அதுவும் மூடி திறந்த அந்த நேரத்துல."

அப்படியொரு குழியைப் பார்க்க ஏற்பாடு செய்துகொடுத்தவரும் அவர்தான். அவருக்குத் தெரிந்த ஒரு தீயணைப்பு நிலைய அலுவலர், ஒரு பழைய குடியிருப்பில் கழிவுநீர் லாரி வந்து தொட்டியை உறிஞ்சப்போகும் நாளில், தன் ஆட்களுக்குப் பயிற்சியாக வாயு அளவீட்டைச் செய்துகாட்ட இருந்தார். யாரும் உள்ளே இறங்கப்போவதில்லை. குடியிருப்பின் பின்சுவருக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே சிமெண்ட் பலகை போட்டு மூடிய தொட்டி. கடப்பாரையால் நெம்பிப் பலகையை நகர்த்தியபோது எல்லோரும் காற்று அடிக்கிற பக்கமாக நகர்ந்து நின்றோம்.

அலுவலர் கையில் இருந்தது உள்ளங்கையில் அடங்குகிற மஞ்சள் நிறக் கருவி. நான்கு அளவுகளை ஒரே நேரத்தில் காட்டும்: ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு. வெளியே ஆக்சிஜன் 20.9 சதவீதம் என்று காட்டியது; நாம் மூச்சுவிடுகிற காற்று அதுதான். கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். மூடிக்குச் சற்றுக் கீழே போனதும் ஆக்சிஜன் குறைய ஆரம்பித்து 19.5-க்குக் கீழே வந்ததும் கருவி அலறியது. அதற்குக் கீழே இருக்கிற காற்றை ஆக்சிஜன் பற்றாத காற்று என்றுதான் தொழிலகப் பாதுகாப்பு விதிகள் கணக்கில் எடுக்கின்றன. இன்னும் இறங்க, 17 வாக்கில் வந்து நின்றது. சல்பைடு ஒற்றை இலக்கம்.

இது பார்க்க அவ்வளவு பயங்கரமாகத் தெரியவில்லை. அதை என் முகத்தில் படித்த அலுவலர், நீளமான மூங்கில் கழியை எடுத்து, தொட்டியின் மேற்பரப்பில் பாலாடை போலத் தடித்துப் படிந்திருந்த கசட்டைக் குத்தி ஒரே ஒரு முறை கிளறினார். சல்பைடு எண் ஏறிய வேகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இருபது, ஐம்பது, எண்பது என்று தாண்டி, 100-ஐத் தொட்டதும் எண்ணே காணாமல் போய் அளவு மீறிவிட்டது என்ற குறி மட்டும் மினுங்கியது. அந்தக் கருவிக்கு அதற்கு மேல் அளக்கத் தெரியாது.

கந்தகச் சேர்மங்களை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் காற்றில்லாத அந்தக் கசட்டுக்குள் நாள்முழுக்க ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. கசடு அசையாத வரை வாயு அதற்குள்ளேயே அடைந்து கிடக்கும். துப்புரவு வேலை என்பதே கசட்டை அசைப்பதுதான். மண்வெட்டியின் முதல் வீச்சில், வாளியை முக்கும் முதல் தடவையில், தொட்டிக்குள் நிற்பவரின் இடுப்புயரத்தில் அது வெளிப்படுகிறது. காற்றைவிடக் கொஞ்சம் கனமானது என்பதால் மேலே எழுந்து போகவும் போகாது.

லாரியோடு உதவியாளராக வந்திருந்தவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. இந்த வேலையில் இளமைக்காலம் முழுக்கக் குழிக்குள் இறங்கியவர். கருவியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மொதல்ல அழுகுன முட்டை நாத்தம் வரும் சார். கண்ணு எரியும். கொஞ்ச நேரத்துல நாத்தமே இருக்காது. நாத்தம் போயிடுச்சு, நல்ல காத்து வந்துடுச்சுன்னு நெனச்சுக்கினு இன்னும் கீழ எறங்குவோம். எங்க அப்பா காலத்துலருந்தே அப்படித்தான் நம்பிக்கினு இருந்தோம்."

அவர் சொன்னது மருத்துவ நூல்களில் அப்படியே இருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவில், பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மணக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு ஆனதும் சில நிமிடங்களில் மூக்கின் மணநரம்பு செயலிழந்துவிடும். அதன் பிறகு மூக்கு எச்சரிக்காது. 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சரிவார். 1000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சுகளில் விழுவார். மூச்சுத்திணறல் என்று நாம் சொல்கிற போராட்டமே அங்கே நடப்பதில்லை. நுரையீரல் காற்றை வாங்குகிறது, ரத்தமும் ஆக்சிஜனைச் சுமந்து போகிறது. ஆனால் செல்லுக்குள் அந்த ஆக்சிஜனைப் பயன்படுத்துகிற நொதியை இந்த வாயு முடக்கிவிடுகிறது. சயனைடு செய்வதும் இதே வேலையைத்தான்.

ஆக்சிஜன் குறைந்த காற்றிலும் ஓர் ஏமாற்று உண்டு. மூச்சை அடக்கினால் நமக்கு முட்டுகிறதே, அது ஆக்சிஜன் குறைந்ததால் வருவதில்லை. கரியமில வாயு உடலில் சேர்வதால் வருவது. ஆக்சிஜன் இல்லாத காற்றை உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருந்தால், கரியமில வாயு வழக்கம்போல் வெளியேறிக்கொண்டிருக்கும். உடலுக்கு எந்தத் திணறலும் தெரியாது. ஆக்சிஜன் 16 சதவீதத்துக்குக் கீழே போனால் நிதானம் குறையும். 10-க்குப் பக்கத்தில் மயக்கம். 6-க்குக் கீழே சில மூச்சுகளிலேயே நினைவு போகும். 'ஏறி வந்துடு' என்று மேலே இருப்பவர் கத்தும்போது, கீழே இருப்பவர் 'ஒண்ணுமில்ல, முடிஞ்சுடுச்சு' என்று பதில் சொல்லிக்கொண்டே சரிந்ததாகப் பல குடும்பங்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே என்று நிலைய அலுவலரிடம் கேட்டேன். எங்கள் பக்கம் பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கும் முன் அரிக்கன் விளக்கைக் கயிற்றில் இறக்குவார்கள். அணைந்தால் இறங்க மாட்டார்கள். வேப்பங்குழைகளைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்குவதும் உண்டு. கிணற்றுக்கு அது ஓரளவு அறிவுள்ள பழக்கம்தான், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் கரியமில வாயு தேங்கி ஆக்சிஜன் குறைகிறது, சுடரும் அணைகிறது. கழிவுநீர்த் தொட்டியில் சுடர் பொய் சொல்லும். ஆளைச் சாய்க்கப் போதுமான சல்பைடு இருந்தாலும் விளக்கு நின்று எரியும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் அந்தச் சுடரே தொட்டியை வெடிக்கவைக்கும். நிலைய அலுவலர் தன் ஆட்களிடம் இதைக் குரலை உயர்த்தியே சொன்னார்: தீக்குச்சி கிழித்துச் சோதிப்பவனைத் தொட்டிப் பக்கமே விடாதீர்கள்.

காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆள் விஷயத்தையும் அவர் சொன்னார். அமெரிக்காவின் தேசியத் தொழிலகப் பாதுகாப்பு நிறுவனம் 1986-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அடைபட்ட இடங்களில் நேர்ந்த சாவுகளில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அதில் இருந்தது. நெமிலியின் 6 பேரையும் நினைத்துக்கொண்டேன். அண்ணன் விழுந்தால் தம்பி நின்று யோசிப்பானா? மகன் விழுந்ததைப் பார்த்த அப்பன் தீயணைப்பு வண்டிக்காகக் காத்திருப்பானா? அவர்களை அறியாமையால் செத்தவர்கள் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. காற்றுப்பையும் முகக்கவசமும் முக்காலிக் கப்பியும் அந்த வாசலில் இருந்திருக்க வேண்டும். இல்லாததற்கு அவர்கள் பொறுப்பல்ல.

அதே நிலைய அலுவலரிடம், நிஜமான அழைப்பு வரும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மூச்சுக்கருவி மாட்டிய ஆள் இறங்குவார், இறங்கும்போதே மூடிகளை எல்லாம் திறந்து, ஊதுவிசிறி வைத்துத் தொட்டிக்குள் நல்ல காற்றைச் செலுத்துவார்கள். உயிரைக் காப்பாற்ற அதுதான் சரி. ஆனால் டாக்டரம்மா தேடுகிற காற்று அந்தக் கணத்தில் கலைந்துவிடுகிறது. மறுநாள் காவல்துறையோ வருவாய்த் துறையோ வந்து பார்க்கும்போது அந்தத் தொட்டி பழைய தொட்டி இல்லை.

மீட்கப்பட்டவர்களில் உயிரோடு இருப்பவர்களை அவசர சிகிச்சைப் பிரிவில் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க விரும்பினேன். அங்கே இருந்த இளம் மருத்துவர் நேரடியாகச் சொன்னார்: நிச்சயமாக வேலை செய்கிற மாற்றுமருந்து என்று எதுவும் கைவசம் இல்லை. சயனைடுக்குக் கொடுக்கிற நைட்ரைட்டை முயன்று பார்ப்பதுண்டு. முக்கியமானது நல்ல காற்றும், முழு வேக ஆக்சிஜனும், தேவையானால் செயற்கைச் சுவாசமும். மூளை ஆக்சிஜன் இல்லாமல் 4 முதல் 6 நிமிடங்கள் வரைதான் பெரிய சேதமின்றித் தாங்கும். 108 வண்டி வருவதற்குள் பெரும்பாலும் அந்தக் கெடு முடிந்துபோயிருக்கும். எழுந்து உட்கார்ந்து பேசுகிறவரையும் அன்றே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்ப்பார்கள். நுரையீரலில் நீர் கோப்பது தாமதமாகவும் வரலாம்.

புறநோயாளிப் பிரிவில் அப்படிப் பிழைத்த ஒருவரைச் சந்தித்தேன். அவருடைய மனைவிதான் பேசினார். தொட்டியில் விழுந்து, தூக்கி வெளியே போட்டு, வார்டில் கிடந்து வீட்டுக்கு வந்த பிறகு கையில் நடுக்கம். நடை தளர்ந்துவிட்டது. சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடியும் சாப்பாடு கேட்கிறார். அசைவுகளை ஒழுங்குபடுத்துகிற மூளையின் உட்பகுதிகள் ஆக்சிஜன் இல்லாமல் போனால் முதலில் அடிபடுபவை. பார்க்கின்சன் நோய் போன்ற தளர்ச்சி அதனால் வரலாம் என்று மருத்துவர் விளக்கினார். "செத்துருந்தா பேப்பர்ல வந்துருக்கும், பொழைச்சதால யாரும் வர்ல" என்றார் அந்த அம்மா. இது புகாராகச் சொன்னதுகூட இல்லை. நான் ஏன் வந்தேன் என்று புரியாமல் கேட்டது.

மறுபடி டாக்டரம்மாவின் அறைக்கு வந்தபோது மேசையில் நிலுவைக் கோப்புகள் இருந்தன. கழிவுநீர்த் தொட்டிச் சாவு ஒன்றில் தான் என்னென்ன மாதிரிகளை எடுத்து அனுப்புகிறார் என்று சொன்னார். தொடையிலிருந்து எடுத்த ரத்தம், சிறுநீர், நுரையீரல், மூளை. ரத்தப் புட்டியில் காற்றிடம் இல்லாமல் விளிம்பு வரை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயு அந்த இடத்துக்குத் தப்பிவிடும். குளிர்பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் வெறும் சல்பைடைத் தேடிப் பயனில்லை. உடல் அழுகும்போதும் சல்பைடு தானாகவே உண்டாகும். தேட வேண்டியது தயோசல்ஃபேட். சல்பைடை உடல் சிதைக்கும்போது கிடைக்கும் பொருள் அது. ரத்தத்திலும் சிறுநீரிலும் இருந்தால் அந்த மனிதர் வாயு ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தார். ரத்தத்தில் மட்டும் இருந்து சிறுநீரில் இல்லாவிட்டால் சாவு உடனடியானது. எத்தனை நேரம் இருந்தார் என்று நான் கொண்டுவந்த கேள்விக்கு ஓரளவுக்காவது பதில் சொல்லக்கூடிய ஒரே சோதனை இதுதான்.

இந்தியாவிலேயே முதன்முதலாக ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னையில்தான் அமைந்தது. அந்த மரபு உள்ள மாநிலம் இது. ஆனால் 'விஷம் உள்ளதா' என்று மட்டும் எழுதி அனுப்பினால், எந்த ஆய்வகமும் வழக்கமான வரிசையில்தான் தேடும்: பூச்சிமருந்து, உலோக நஞ்சு, தூக்க மருந்து, சாராயம். பட்டியலில் தயோசல்ஃபேட்டைக் கேட்டு எழுதாவிட்டால் அது வராது. அப்போது திரும்பி வருகிற தாளில் இரண்டே வரிகள் இருக்கும். நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை. எத்தில் ஆல்கஹால் கண்டறியப்பட்டது.

இரண்டாவது வரியைக் காட்டும்போது டாக்டரம்மாவின் குரலில் கோபம் இருந்தது. அந்த நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்பதற்காகவே அந்த வேலைக்காரர்கள் குடிக்கிறார்கள். பல இடங்களில் வேலைக்கு அழைப்பவரே வாங்கித் தருகிறார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்போது அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, குடித்துவிட்டுத் தானே தவறி விழுந்தார் என்று வாதாட முடிகிறது. வாயு இருந்தது என்பதற்கு எதிரே வைக்க அளவீடு எதுவும் இருக்காது.

2013-ஆம் ஆண்டின் சட்டம் மனிதரைச் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ ஆபத்தான துப்புரவுக்கு இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு சிறை விதிக்கலாம். 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அது 30 லட்சமானது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். பட்டியல் சாதியினரை இந்த வேலையில் ஈடுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம். இறங்குகிறவர்கள் பெரும்பாலும் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டம் போதாது என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சட்டத்துக்குக் கைகால் கொடுக்க வேண்டிய சாட்சியம்தான் ஒவ்வொரு முறையும் தொட்டி வாசலிலேயே தொலைந்துபோகிறது.

அதை நிறுத்த முடியும் என்பதுதான் இந்த அலைச்சலில் நான் தெரிந்துகொண்டது. மூச்சுக்கருவியை மாட்டிக்கொள்ள ஒரு தீயணைப்பு வீரருக்கு ஆகிற நேரத்தில், இன்னொருவர் மஞ்சள் கருவியைக் கயிற்றில் இறக்கி எடுத்துவிடலாம். மீட்பு ஒரு நொடிகூடத் தாமதமாகாது. இன்னொன்று, இந்தக் கருவிகள் பலவற்றுக்குள் நினைவகம் இருக்கிறது. எந்த நேரத்தில் எந்த வாயு எவ்வளவு இருந்தது என்று அதுவே பதிந்து வைத்துக்கொள்ளும். கணினியில் இணைத்து எடுத்தால் தேதியும் மணியும் போட்ட அட்டவணை வந்துவிடும். அதை எடுத்துத் தரும்படி எழுதிக் கேட்கத்தான் ஆள் வேண்டும்.

நான் கிளம்பும் நேரத்தில் டாக்டரம்மாவுக்கு ஒரு காவல் ஆய்வாளரிடமிருந்து தொலைபேசி வந்தது. ஆய்வக அறிக்கை வந்துவிட்டதாம், ஒரு தொட்டிச் சாவுக்கு இறுதிக் கருத்து வேண்டும், குற்றப்பத்திரிகை காத்திருக்கிறது. டாக்டரம்மா கோப்பைப் பிரித்துவைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார்.

"தொட்டியில எத்தனை அறை? மூடி எத்தனை, எதெது திறந்திருந்துச்சு? உள்ள போனவர் எவ்வளவு நேரத்துல விழுந்தார்னு மேல நின்னவங்க யாராவது சொன்னாங்களா? எடுக்கப் போன ரெண்டாவது ஆளுக்கு என்ன ஆச்சு, அவருக்கு மயக்கம் வந்துச்சா, எந்த ஆஸ்பத்திரியில காட்டினார்? அந்தச் சீட்டு கிடைக்குமா? ஃபயர் சர்வீஸ் மீட்டர் வச்சுப் பார்த்தாங்களா?"

அந்தப் பக்கத்திலிருந்து, பார்த்திருப்பார்கள், எழுதிவைத்திருக்க மாட்டார்கள் என்பது போல ஏதோ பதில் வந்திருக்க வேண்டும்.

"எழுதலன்னா பரவால்ல சார், மீட்டருக்குள்ளயே இருக்கும். அதுக்கப்புறம் எத்தனை தடவை பயன்படுத்தியிருந்தாலும் பழைய பதிவு இருக்குதான்னு ஸ்டேஷன்ல கேளுங்க. இருந்தா பிரிண்ட் எடுத்து, அலுவலர் கையெழுத்தோட அனுப்பச் சொல்லுங்க. ரெண்டாவது ஆளோட ஆஸ்பத்திரிச் சீட்டும் சேர்த்து வேணும். அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன், ஃபைல் இங்கயே இருக்கட்டும்."